சடுகுடுக் களத்தில் தமிழ்க் கோஷ்டி

காவேரிப் பாய்ச்சல் வயல்களில் அறுவடை முடிந்ததும், சிறுவர்கள் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். "போய்ப் பாடத்தைப் படி" என்று அதட்டியவர்களும் நாமேதான். அந்த விளையாட்டுக்கு 2014-ல் 'புரோ கபடி லீக்' என்னும் பெரும் பந்தயம் ஏற்பட்டது. 2017-ல் கோஷ்டிகள் எட்டிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியபோது சென்னையில் 'தமிழ் தலைவாஸ்' தோன்றியது.

தொடக்கம் சோதனையாகவே இருந்தது. கீர்த்தி பெற்ற அஜய் தாகூர் தலைமை வகித்தும் வெற்றி கிட்டவில்லை. 2019-ல் கடைசி இடமே மிஞ்சியது. 2022-ல் இரண்டு கோடிக்கு மேல் கொடுத்து எடுத்த பவன் சேராவத், முதல் ஆட்டத்திலேயே காயமுற்று விலகினார். இனிக் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் நரேந்தர் முதலிய வாலிபர்கள் பாரத்தைச் சுமந்து, கோஷ்டியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கே புனே கோஷ்டி வென்றது.

தஞ்சைவாசிகளுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. நம் ஜில்லாவின் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016-ல், நாற்பது வயதைக் கடந்தபின், கோப்பை வென்று கொடுத்தது பாட்னா கோஷ்டிக்கு! அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கோஷ்டியிலும் அவர் இருந்தார். 2024-ல்தான் தமிழ் தலைவாஸின் பயிற்சியாளர்களுள் ஒருவராக வந்து சேர்ந்தார்.

அவரும் ஒரு காலத்தில் கிராமத்துச் சிறுவர்தாமே? மாலையில் களத்துக்கு ஓடும் பையனை இனியேனும் நாம் வழிமறிக்காதிருப்போமாக!