வாய் பேசாவிட்டால் மனம் பேசாதா?



வீட்டில் ஒருவர் பாரிசவாதம் வந்து படுத்திருக்கிறார். வாயும் நாக்கும் இழுத்துக்கொண்டன. நீங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்குகிறது. அவர் கேட்பதுதான் உங்களுக்கு விளங்கவில்லை. தண்ணீரா? இல்லை. தலையணையா? இல்லை. வயிற்று வலியா? அதுவும் இல்லை. கடைசியில் கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "பாவம், புத்தி பேதலித்துவிட்டது" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல்லும் அவர் காதில் விழுகிறது!

வன்னியை நினைத்துப் பாருங்கள். 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் கழித்து நீராவிப்பிட்டிக்கும் சாளம்பைக்குளத்துக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை ஓடி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கிடந்து, மீண்டும் வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள். இரு சாராரின் வீடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. தலையில் குண்டுச் சிதறல் பட்டுப் பேச்சை இழந்தவர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளை, பக்கவாதம் கண்ட முதியவர். கழுத்தருகே முள்ளந்தண்டு முறிந்தவருக்குப் பேச்சு இருக்கும். ஆனால் ஒரு கடிதம் எழுதக் கை வராது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற அமைப்பே இருக்கிறது என்றால், தேவை எவ்வளவு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இவர்களுக்காகக் கருவிகள் இல்லாமல் இல்லை. சென்னை வித்யாசாகர் நிலையத்துப் பிள்ளைகளோடு பழகி உருவாக்கப்பட்ட 'அவாஸ்' படங்களைத் தொட்டால் பேசும். ஆனால் அதை விலை கொடுத்து வாங்கவேண்டும். நாட்கூலியில் அடுப்பெரியும் வீட்டில் அது எளிதா?

இலவசமாக வந்த ஒரு வழி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் மெக்கே என்ற பௌதிகவியல் அறிஞர் இருந்தார். அவரும் அவருடைய மாணவர் டேவிட் வார்டும் 'டாஷர்' என்ற கணினிச் செயலியை உருவாக்கினார்கள். 2002இல் 'நேச்சர்' அறிவியல் இதழ் அதைப்பற்றிய கட்டுரையை வெளியிட்டது.

இதில் விசைப்பலகையே வேண்டாம். எழுத்துக்கள் திரையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். வேண்டிய எழுத்தை நோக்கிச் சுட்டியை நகர்த்தினால் அது நம்மை நோக்கி வரும். அதற்குள்ளே அடுத்த எழுத்துக்கள் விரியும். அடுத்து வரக்கூடிய எழுத்தின் பெட்டி பெரிதாகவும், வராத எழுத்தின் பெட்டி சிறிதாகவும் இருக்கும். 'உம்' என்று எழுதியதும் 'மா' பெரிதாகி முன்னே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரு விரல் அசைந்தால் போதும். விரலும் அசையாவிட்டால் கண் பார்வையே போதும். பழகியவர்கள் கண்ணாலேயே நிமிடத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை எழுதினார்கள். மார்பில் பட்டி கட்டி, மூச்சை இழுத்து விட்டே எழுதும் முறையையும் அந்தக் குழு செய்து காட்டியது.

டாஷரை அவர்கள் விற்கவில்லை. செயலியையும் அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்தே வைத்தார்கள்.

தூர் வாருவது யார்?

மெக்கே பிறகு எரிசக்தி ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 2016 ஏப்ரலில், 48ஆம் வயதில், புற்றுநோயால் இறந்தார். கணினிகள் மாறின, கைத்தொலைபேசிகள் வந்தன, டாஷர் பழையதாகிப் பின்தங்கியது. கடைச் சரக்காக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மூலநிரல் திறந்திருந்ததால், பேச்சுக் குறையுள்ளோருக்கு உதவும் 'ஏஸ் சென்டர்' என்ற பிரித்தானிய அறநிலையம் அதைப் புதுப்பிக்கும் வேலையைக் கையில் எடுத்தது.

தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் 'ஈஸ்பீக்' என்ற இலவசக் குரலுக்கும் இதே கதைதான். ஜொனதன் டடிங்டன் என்பவர் 1995இல் தொடங்கிய வேலை அது. அது தேங்கி நின்றபோது, 2015இல் வேறு சிலர் அதை எடுத்து 'ஈஸ்பீக் என்ஜி' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். குரல் இயந்திரம்போலத்தான் ஒலிக்கும். ஆனாலும் குரலே இல்லாதவருக்கு அது குரல் அல்லவா!

வன்னி குளங்களின் நாடு. குளம் வெட்டியவர் போய்விடுவார்; தூர் வாரி அணையைக் காப்பது பின்வரும் ஊரார் கடமை. இதுவும் அப்படித்தான். இத்தகைய செயலி தமிழில் ஓட, நாம் வீட்டில் பேசுகிற பேச்சின் மாதிரி அதற்கு வேண்டும். ஏட்டுத் தமிழை மட்டும் கொடுத்தால் "உம்மா, தண்ணி வேணும்" என்பதை அது எப்படி ஊகிக்கும்? கணினி படித்த நம் பெண் பிள்ளைகள் கைவைக்கவேண்டிய இடம் இது.

இன்றே செய்யலாம்

கணினி வரும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே! பிரான்ஸ் நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஜான் டொமினிக் போபி, 1995இல் மூளை நரம்புத் தாக்கத்தால் உடல் முழுதும் செயலிழந்தார். ஒருவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, இடக் கண்ணை மட்டும் சிமிட்டி ஒரு முழுப் புத்தகமே சொல்லி எழுதுவித்தார். அது 1997இல் வெளிவந்தது.

ஓர் அட்டை எடுங்கள். ஐந்து வரிசை எழுதுங்கள்: குறில், நெடில், வல்லினம், மெல்லினம், இடையினம். ஓரத்தில் ஜ, ஸ, ஹ. நம் வீட்டுப் பெயர்களுக்கு அவை வேண்டும். மெய்யெழுத்துக்கு ஒரு புள்ளியும் போடுங்கள். முதலில் வரிசையின் பெயரைச் சொல்லுங்கள். அவர் கண்ணை மூடினால் அந்த வரிசையின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வல்லினம், 'த', குறில், 'அ'. இடையினம், 'ல', நெடில், 'ஐ'. 'தலை'! வலிப்பது தலை என்று தெரிந்துவிட்டது.

வாசிக்கத் தெரியாதவருக்கும் சிறு பிள்ளைக்கும் எழுத்துக்குப் பதில் படங்களை ஒட்டுங்கள். மூளைத் தாக்கத்தால் சிலருக்குச் சொற்களே மறந்துபோகும். அவர்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். வலது குறைந்தோரின் உரிமையைக் காக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்கத் தயங்காதீர்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். அவர் பாதி சொல்லும்போதே நீங்கள் மீதியைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். பல நாள் கழித்து அவர் சொல்லப்போகும் முதல் வார்த்தை, உங்கள் பெயராகவே இருக்கலாம்.