நாற்பதில் ஒரு நல்ல தொடக்கம்

"குழந்தை குட்டின்னு ஆயாச்சு, இனிமே நான் என்னத்தைச் செய்ய?" என்று அலுத்துக்கொள்ளாத பெண்கள் நம்மில் உண்டா? எனக்கு அப்படித் தோன்றும்போதெல்லாம் ஜோன் மிக்லின் சில்வரை நினைத்துக்கொள்வேன்.

1935-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்தவர்; மூன்று பெண்களுக்குத் தாய். படம் டைரக்ட் செய்ய வாய்ப்புக் கேட்டபோது, 'இருக்கிற தலைவலி போதாதா, பெண் டைரக்டர் வேறயா?' என்கிற மாதிரி முகத்திலடித்தாற்போல் சொன்னாராம் ஸ்டூடியோ அதிகாரி ஒருவர்.

கட்டடத் தொழில் செய்துவந்த கணவர் ரஃபேல் சும்மா இருக்கவில்லை. தானே பணம் திரட்டினார். சுமார் 3,70,000 டாலரில், கறுப்பு வெள்ளையில் உருவானது 'ஹெஸ்டர் ஸ்ட்ரீட்'. 1896-ல் நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பத்தின் கதை. முன்னால் வந்து நாகரிகம் பழகிவிட்ட கணவனுக்கு, பிள்ளையோடு பின்னால் வந்த மனைவி பட்டிக்காடாகத் தெரிகிறாள். அவளோ கடைசியில் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறாள்!

வாங்கி வெளியிட ஆள் இல்லாமல், 1975-ல் ரஃபேலே வெளியிட்டார். வசூல் சுமார் 50 லட்சம் டாலர். மனைவியாக நடித்த கேரல் கேனின் பெயர் ஆஸ்காருக்குப் போனது.

1988-ல் 'கிராஸிங் டெலன்ஸி'யும் பேர் வாங்கியது. மகள் மரிஸாவும் டைரக்டரானார். ஜோன் 2020 டிசம்பர் 31-ல் காலமானார்.

முதல் படம் வந்தபோது அவருக்கு வயது நாற்பது. நமக்கு மட்டும் என்ன, நேரமா போய்விட்டது?