தெரிந்தே களம் போனவர்கள்

காஞ்சிபுரத்துத் திருப்பாடகத்தில் பாண்டவ தூதப் பெருமாள் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறார்; உயரம் சுமார் 25 அடி. பாண்டவர்களுக்காகத் தூது வந்த கண்ணனுக்கு ஆசனம் போட்டு, அதன் அடியில் பள்ளம் தோண்டி மல்லர்களை ஒளித்து வைத்தான் துரியோதனன். ஆசனம் சரிந்ததும் கண்ணன் விசுவரூபம் எடுத்து நின்றான் என்பது கோயில் சொல்லும் கதை. அதைப் பார்த்த பிறகும் துரியோதனன் மசியவில்லை. தூது முறிந்து திரும்பும்போது கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், 'நீ குந்தியின் மூத்த மகன்' என்று சொன்னதாக வியாச பாரதம் கூறுகிறது. கர்ணனும் பக்கம் மாறவில்லை. ஆக, ஒரே தூதன் இரண்டு பேரிடமும் உண்மையை எடுத்து வைத்தான். இரண்டு பேரும் போருக்கே போனார்கள். ஆனாலும் ஒருவனுக்காக நாம் கண்கலங்குகிறோம், மற்றவனைக் கரித்துக் கொட்டுகிறோம். ஒருவன் நல்லவன், மற்றவன் கெட்டவன் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கூத்து அவ்வளவு சுலபமாக முடிப்பதில்லை.

இந்த மண்ணுக்குப் பாரதம் புதிதல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பாரதம் வாசிக்க மானியம் விட்டதை முதலாம் பரமேசுவரவர்மனின் 7-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு பதிவு செய்திருக்கிறது. இன்றும் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கிறது. அந்தக் கூத்தில் கர்ணன், துரியோதனன் இருவருமே கட்டை வேஷம். லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் மினுக்குத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் இருவருக்கும் உண்டு. இருவரும் திரைக்குப் பின்னால் நின்று முதலில் குரலைக் கொடுத்து, பிறகுதான் முகம் காட்டுவார்கள். நீ யார் என்று கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் இருவரையும் ஒரே மாதிரி மடக்குவான். சாவிலும் ஒற்றுமை இருக்கிறது. தேர்ச் சக்கரம் புதைந்து நிற்கும்போது கர்ணன்மேல் அம்பு பாய்கிறது. கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதியை மீறி துரியோதனனின் தொடை பிளக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் பின்னாலிருந்து தூண்டுகிறவன் கண்ணன்தான். வீரமும் வேஷமும் வீழ்ச்சியும் இப்படிச் சமமாக இருக்கையில், தெரிந்த உண்மையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள் என்பது என் வாதம்.

'கர்ண மோட்சம்' கூத்தை எடுத்துக்கொள்வோம். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் நாடகம் இது. பதினேழாம் நாள் போர்தான் கதை. கூத்து நின்று நிதானித்து ஆடுகிற இடம் போர்க்களம் அல்ல, பொன்னுருவியின் அரண்மனை. இவள் கர்ணனின் மனைவி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்று அவனை இளக்காரமாக நடத்தி வந்தவள். களத்துக்குப் புறப்படுமுன் விடைபெற வருகிறவனிடம் அப்போதும் அவள் குலம் பேசுகிறாள். தான் யார் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவன் தலைநிமிர்ந்து இருந்திருக்கலாம். கடைசிப் பொழுதில்தான் சொல்கிறான். அவள் மனம் திரும்பும் நேரத்தில் அவன் கிளம்பியாக வேண்டும். குந்தியிடமும் இப்படித்தான். அர்ஜுனனைத் தவிர மற்ற பிள்ளைகளைக் கொல்வதில்லை, நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான் விழுந்த பிறகு மடியில் போட்டு என்னை மகன் என்று சொல் என்று தமிழ்ப் பாரத மரபில் அவன் கேட்கிறான். தன் சாவுக்குப் பின் நடக்க வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருப்பவனை விதியிடம் ஏமாந்தவன் என்று எப்படிச் சொல்வது? உண்மையை ஏற்றுக்கொள்கிறான், அது தரும் ராஜ்ஜியத்தை மட்டும் வேண்டாம் என்கிறான். துரியோதனனிடம் பட்ட செஞ்சோற்றுக் கடன் அவனுக்கு அதைவிடப் பெரிது.

துரியோதனனுக்கும் சொல்லாதவர் இல்லை. பீஷ்மர், விதுரர், பெற்ற தாய் காந்தாரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தனக்கு ஒவ்வாத எதையும் அவன் உண்மை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று கோயில் வெளியில் பல அடி நீளத்துக்கு மண்ணால் அவனைப் படுக்க வைத்து, நிறம் பூசி, அந்த உருவத்தின்மேலும் அதைச் சுற்றியும் பீமனும் துரியோதனனும் ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். தொடையில் வைத்த செந்நீர் கூந்தலில் பட்ட பிறகே பாஞ்சாலி முடி முடிகிறாள். பாஸனின் 'ஊருபங்கம்' என்ற வடமொழி நாடகத்தில் தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் பகையை விட்டுவிட்டுச் சாந்தமாகச் சாகிறான். நம் படுகளத்தில் அந்தச் சலுகை கிடையாது. முறை தவறி அடித்தாய் என்று கத்திக்கொண்டே விழுகிறான். அந்தப் புகார் நியாயமானதுதான், அதில் சந்தேகமில்லை. அவன் வாயிலிருந்து கடைசியில் வருகிற ஒரே உண்மையும் பிறர் செய்த தப்பைப் பற்றியதாகவே இருக்கிறது.

கர்ணனை வீழ்த்தியது சாபங்கள்தானே, இதில் அறிவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பரசுராமர் சாபமும் அந்தணன் சாபமும் கதையில் உண்டு. அவை எப்படிச் செத்தான் என்பதற்கே விடை; ஏன் போனான் என்பதற்கு அல்ல. கிரேக்கத்து சொபோக்ளிஸின் ஈடிபஸ், தான் யார் என்று தெரியாமல் தந்தையைக் கொன்று, தெரிந்ததும் கண்ணைக் குத்திக்கொள்கிறான். அங்கே அறிவு கடைசியில் வந்து விழுகிற இடி. கர்ணனிடம் அது போருக்கு முன்பே வந்துவிட்டது, ஆனாலும் வழி மாறவில்லை. இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. மோட்சத்தில் முடிவதைச் சோக நாடகம் என்னலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. மோட்சம் போகிறவன் அவன் ஒருவன்தான். மடியில் கிடத்தி அழும் குந்திக்கும், அண்ணனைக் கொன்றுவிட்டோம் என்று அறியும் தம்பிகளுக்கும் அதில் பங்கு இல்லை. வடதமிழகக் கிராமங்களில் சாவு வீட்டுக் காரியத்தையொட்டி 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். இழவு கொடுத்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிற கூத்து அது.

துரியோதனனை இப்படி அருகில் வைத்துப் பேசினால் பாஞ்சாலிக்குச் சபையில் நடந்ததை மன்னிப்பதாகாதா? ஆகாது. அந்தச் சபையில் அவள் ஆடையைக் களையச் சொன்னவன் கர்ணன்தான் என்று வியாசரே எழுதுகிறார். கறை இருவர்மேலும் இருக்கிறது. கர்ணனைத் தும்பைப்பூவாக்கியது பிற்காலத்து நம் ஆசை. 1964-இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் பொன்னுருவியே கிடையாது. சுபாங்கி என்ற அன்பான மனைவி வருகிறாள், தேவிகா நடித்தார். சிவாஜியின் கர்ணனைப் பார்த்து அழுதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொந்த வீட்டிலேயே ஏளனப்பட்டும் வாய் திறக்காத கர்ணனை அந்தப் படம் இழந்துவிட்டது.

1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இருந்து இந்தக் கலையை வளர்த்து வருகிறது. அதன் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கூத்துப் பயின்றார்கள். பட்டு எடுக்கக் கோடையில் காஞ்சிபுரம் வருகிறவர்கள், பக்கத்துக் கிராமத்தில் பாரதம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். 'கர்ண மோட்சம்' இரவோடு திரும்பிவிடாமல், துரியோதனன் விழும் 'பதினெட்டாம் போர்' கூத்தையும் இருந்து பாருங்கள்.