பழையதை விடுவதா, புதியதைத் தொடுவதா? குமுளிப் புகைப்படக்காரர்கள் போடும் கணக்கு

லோயர் காம்ப்பிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை முடிகிற இடம் குமுளி. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். ஏலக்காய்க்கும் தேக்கடி ஏரிக்கும் பெயர் பெற்ற இந்த ஊரில் புகைப்படத் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. எல்லையின் இரு பக்கத்துக் கல்யாணங்கள், மாதா கோயில் திருமணங்கள், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, ஆண்டுக்கு ஒரு நாள் சித்ரா பௌர்ணமியன்று மக்கள் திரளும் மங்கலதேவி கண்ணகி கோயில் விழா என்று வேலைக்குக் குறைவில்லை.

தொழிலில் உள்ளவர்கள் முன் இப்போது நிற்கும் கேள்வி ஒன்றுதான். இத்தனை ஆண்டு சோறு போட்ட டி.எஸ்.எல்.ஆர். காமிராவை விட்டுவிட்டு மிர்ரர்லெஸ் காமிராவுக்கு மாறலாமா? சிற்றூர் ஸ்டூடியோவில் புதுக் காமிரா என்றால் பெரும்பாலும் கடன், அதற்கு வட்டி. தவறான நேரத்தில் வாங்கினால் ஒரு சீசன் வருமானம் முழுதும் அதற்கே போய்விடும். வாங்காமலே இருந்தால் கல்யாண ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடுமோ என்ற பயம்.

என்ன வித்தியாசம்?

டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கும். உள்ளே வரும் ஒளியை அது மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ‘டக்’கென்று மேலே போகும், படம் பதிவாகும். மிர்ரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் இருப்பது ஒரு சின்னத் திரை. படம் இருட்டாக வருமா, வெளுத்துப் போகுமா என்பது எடுப்பதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும்.

2008இல் பானசோனிக் தொடங்கி வைத்த வழி இது. 2013இல் சோனி பெரிய சென்சாருடன் வந்தது. 2018இல் நிக்கானும் கேனனும் சேர்ந்துகொண்டன. 2020இல் உலகச் சந்தைக்குப் போன எண்ணிக்கையில் மிர்ரர்லெஸ் முந்திவிட்டது. அதே ஆண்டு வந்த கேனன் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பிறகு அந்த வரிசையில் புதிய டி.எஸ்.எல்.ஆர். வரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் 2023இலும் புதிதாக ஒன்றை வெளியிட்டது.

போன மாற்றம் வேறு

பிலிம் போய் டிஜிட்டல் வந்த காலத்தை மூத்த புகைப்படக்காரர்கள் மறக்கவில்லை. ஊட்டியில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ பிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நின்றுபோனது. அமெரிக்காவின் கோடக் நிறுவனமே 2012இல் திவால் மனு கொடுத்தது. இருட்டறைகளும் மூடப்பட்டன. ஆனால் லென்ஸ் பிழைத்தது. நிக்கானின் 1959ஆம் ஆண்டுப் பொருத்துமுறையும் கேனனின் 1987ஆம் ஆண்டுப் பொருத்துமுறையும் டிஜிட்டலிலும் தொடர்ந்தன.

இம்முறை மாறியிருப்பது அந்தப் பொருத்துமுறையே. கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால் பழைய நிக்கானில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம். புதியதில் அது 16 மில்லிமீட்டர்தான். கேனனில் 44 இருந்தது 20 ஆகிவிட்டது. ஆகவே பழைய லென்ஸைப் புதுக் காமிராவில் மாட்ட நடுவே ஒரு வளையம் போதும். புதிய லென்ஸைப் பழைய காமிராவில் மாட்ட வழியே இல்லை.

கேனனின் பழைய இ.எப். லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் வளையத்தில் தானாகவே போகஸ் செய்யும். நிக்கானில் கவனம் வேண்டும். மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏ.எப்.எஸ். லென்ஸ்கள் வேலை செய்யும். காமிராவின் மோட்டாரை நம்பிய ஏ.எப்.டி. லென்ஸ்களுக்கு நிக்கான் வளையத்தில் கையால்தான் போகஸ். புகைப்படக்காரரின் உண்மையான முதல் லென்ஸில்தான் முடங்கிக் கிடக்கிறது என்பதால், கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லாபமும் நஷ்டமும்

மணமக்களின் கண்ணைத் தேடிப் பிடித்துப் போகஸ் செய்வதிலும், வீடியோவில் நடந்து வருபவரை விடாமல் தொடர்வதிலும் புதுக் காமிரா கெட்டி. சத்தமின்றிப் படமெடுக்கும் வசதி மாதா கோயில் பூசையிலும், தேக்கடிக் காட்டில் மான் அருகே நிற்கும்போதும் உதவும்.

நஷ்டப் பக்கத்தில் முதலில் நிற்பது பேட்டரி. ஒரே எல்.பி.இ6என் பேட்டரி கேனன் 5டி மார்க் 4இல் சுமார் 900 படங்களுக்கு வரும். மிர்ரர்லெஸ் இ.ஓ.எஸ். ஆர் காமிராவில் 370 என்பது நிறுவனத்தின் கணக்கு. விடியற்காலை அலங்காரம் முதல் இரவு வரவேற்பு வரை எடுப்பவர் மூன்று நான்கு பேட்டரியாவது வைத்திருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு எரியும் மண்டபத்தில் சத்தமில்லா முறையில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழுவதும் உண்டு.

பழைய மிர்ரர்லெஸ் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2018இல் வந்த நிக்கான் இசட்6, கேனன் ஆர் இரண்டிலும் மெமரி கார்டு ஒன்றுதான் போட முடியும். அது பழுதானால் தாலி கட்டிய படமே போய்விடும். 2020இல் வந்த இசட்6 மார்க் 2, கேனன் ஆர்6 ஆகியவற்றில் இரண்டு கார்டு போடலாம்.

யார் மாறலாம்?

வருமானத்தில் பெரும்பங்கு கல்யாண வீடியோவிலிருந்து வருகிறதென்றால் தாமதிக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் படம், குரூப் போட்டோ, ஆல்பம் ஆகியவையே பிழைப்பு என்றால் கையிலுள்ள டி.எஸ்.எல்.ஆர். இன்னும் பல ஆண்டு உழைக்கும். அச்சிட்ட ஆல்பத்தைப் பார்த்து எந்தக் காமிராவில் எடுத்தது என்று சொல்லக் கூடியவர் அபூர்வம். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு விலை இறங்கிவிட்ட பழைய டி.எஸ்.எல்.ஆர். நல்ல தொடக்கம். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். 5டி மார்க் 4இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறைக்கு என்று சோதிக்கப்பட்டது.

இடைவழியும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்காமல் ஒரு புதுக் காமிராவும் ஒரு வளையமும் மட்டும் வாங்கி, பழைய லென்ஸ்களை அதில் மாட்டி ஓட்டலாம். பழைய காமிரா துணைக்கு இருக்கட்டும். வாங்கும் முன் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. லென்ஸை விற்க நினைப்பவர் மழைக்காலத்துக்கு முன்பே விற்றுவிடலாம். மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது.

இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் கர்க்கடகம் என்று இரு மாநிலத்திலும் கல்யாணம் குறைந்த மாதம் ஒன்றே. புதுக் காமிராவைப் பழகிக்கொள்ள ஏற்ற காலம் அதுதான். ஆவணி முதல் முகூர்த்தத்தில், தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மகள் கல்யாணத்தை நடத்தும் தகப்பனார் முன்னிலையில் பொத்தானைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.