துயரக் கடல் தந்த மீர் முஷர்ரஃப் ஹுசைன்

ஒரு மொழி எந்தச் சமயத்தார்க்கு உரியது? பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில் இவ்வினா வலுவாக எழுந்தது. மேட்டுக்குடி முஸ்லிம்கள் பாரசீகத்தையும் உருதுவையும் தம் பெருமைக்குரிய மொழிகளாகக் கொண்டனர். உழவரும் தொழிலாளருமாகிய எளிய முஸ்லிம்கள் பேசியதோ வங்கமொழியே. எனினும் அம்மொழியின் புதிய உரைநடை, வடமொழிச் சொற்கள் மிகுந்ததாய், பெரும்பாலும் இந்து எழுத்தாளர்களின் கையிலேயே வளர்ந்தது. பாரசீகச் சொற்கள் விரவிய கதைப்பாடல்கள் முஸ்லிம்களிடையே தனியே வழங்கி வந்தன. இந்த இடைவெளியைத் தம் எழுத்தால் குறைத்த முன்னோடியே மீர் முஷர்ரஃப் ஹுசைன் ஆவார்.

இன்றைய வங்காளதேசத்தின் குஷ்டியா பகுதியிலுள்ள லாஹினிபாராவில், நிலவுடைமைக் குடும்பமொன்றில் 1847ஆம் ஆண்டு பிறந்தார் இவர். கிராம மக்களின் துயரை இதழ்வழி எடுத்துரைத்த காங்கால் ஹரிநாத் இவருடைய எழுத்துப் பயிற்சிக்கு வழிகாட்டியாய் அமைந்தார். 1869இல் வெளிவந்த ‘ரத்னவதி’, வங்க முஸ்லிம் ஒருவர் இயற்றிய முதற் புதினமாக மதிக்கப்பெறுகிறது. கோராய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய கவிதை நூலை 1873இல் வெளியிட்டார். பிற்காலத்தில் மதீனாவின் பெருமையையும் கவிதையில் பாடினார்.

அதே 1873இல் ‘ஜமீந்தார் தர்ப்பண்’ என்னும் நாடகமும் வெளிவந்தது. சமீந்தாரின் கொடுமையால் உழவன் ஒருவனின் மனைவி உயிர் துறக்கிறாள். கொடியவனோ தண்டனையின்றித் தப்புகிறான். தாமும் நிலவுடைமைக் குடியினர், கொடியவனும் முஸ்லிம் என்பதற்காக ஆசிரியர் உண்மையை மறைத்தாரில்லை. அந்நாளில் பாப்னாவில் உழவர் கிளர்ச்சி மூண்டிருந்தது. பங்கிம் சந்திரர் நாடகத்தின் தூய வங்க நடையைப் பாராட்டினார். ஆயினும் கிளர்ச்சி மேலும் பெருகுமென அஞ்சி, அதன் விற்பனையை நிறுத்துமாறு அறிவுரை கூறினார். நூலின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீரின் புகழை நிலைநாட்டியது ‘பிஷாத் சிந்து’ ஆகும். ‘துயரக் கடல்’ என்பது இப்பெயரின் பொருள். 1885 முதல் 1891 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த இப்புதினம், கர்பலாவில் இமாம் ஹுசைன் (ரலி) அவர்கள் உயிர்நீத்த நிகழ்ச்சியை மையமாகக் கொண்டது. யஸீதின் நிறைவேறாக் காதலே பகைக்கு வித்தாயிற்று என்பது போன்ற புனைவுகள் இதில் உள. ஆதலின் இதனை வரலாற்று நூலாகக் கொள்ளாது, இலக்கியமாகவே கற்றல் வேண்டும். வடமொழிச் சொல்வளம் செறிந்த உயர்நடையில் கர்பலாவின் துயரைப் பாடியதே இதன் அருஞ்செயல். எந்நடை பிறருக்குரியதென எண்ணப்பட்டதோ, அந்நடையிலேயே முஸ்லிம்களின் உள்ளத் துயர் ஒலித்தது. சமய வேறுபாடின்றி வங்க மக்கள் இதனைப் படித்து உருகினர்.

தமிழ் மாணவர்க்கு இங்கே ஓர் ஒற்றுமை நினைவுக்கு வரும். துயரக் கடலின் முதற்பாகம் வெளிவந்த அதே 1885இல்தான், இலங்கை அறிஞர் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ தமிழில் வெளிவந்தது. முஸ்லிம் எழுத்தாளர் இருவர், தத்தம் தாய்மொழியின் புதிய இலக்கிய வடிவத்தை ஒரே காலத்தில் கையிலெடுத்தனர்.

மீர் நடந்த பாதை மலர் விரித்ததன்று. சமய நல்லிணக்கம் கருதிப் பசுவதையைத் தவிர்க்குமாறு வேண்டி 1889இல் அவர் எழுதிய நூல், சொந்தச் சமுதாயத்திலேயே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. முஸ்லிம் சிறார் வங்கமொழி கற்பதற்கெனப் பாடநூலும் எழுதினார். 1911இல் மறைந்தார்.

மார்க்கப் பற்றும் தாய்மொழிப் பற்றும் ஒன்றையொன்று வெல்ல முனையும் பகைகள் அல்ல என்பதே இவர் வாழ்வு நமக்குணர்த்தும் பாடம். பிறந்த மண்ணின் மொழி எவரும் நமக்கு ஈந்த இரவல் அன்று. அது நமது உரிமை. உரிமையெனில் அதில் உழைக்கும் கடமையும் நமதே. மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!