ஒரு நாள் மலையேற்றம்

மலையேற்றம் என்றவுடன் இமயத்தின் பனிமுடிகளும், சுமை தூக்கிச் செல்லும் ஆட்களும், வாரக்கணக்கில் தங்குதற்குரிய கூடாரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கூடாரமும் கயிறும் இன்றி, ஒரே நாளில் ஏறி அன்றே இறங்கத்தக்க மலைகளும் உலகில் உள்ளன. அவை எளியவை என்று எண்ணிவிடுதல் தவறு. அவற்றுள் சில, ஏறுவோரின் கால் வலிமையைக் காட்டிலும் காலத்தைக் கணிக்கும் அறிவையே மிகுதியாகச் சோதிக்கின்றன. அத்தகைய மலை ஒன்றைப் பற்றி இங்குக் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்று கொலராடோ. அம்மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரின் ஒரு பகுதியை 1915ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். பூங்கா என்றதும் மலர்ப் பாத்திகளையும் நீரூற்றுகளையும் நினைத்துவிடலாகாது. நானூறு சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பில் காடும், ஏரியும், பாறையும், வானளாவிய முடிகளும் இயற்கை அமைத்தவாறே அங்கே காக்கப்படுகின்றன. ஒரு நாள் நடைக்கு ஏற்ற வழிகளும் பல உண்டு. ‘ஸ்கை பாண்ட்’ என்னும் ஏரிக்குச் செல்வோர், அருவியின் ஓரத்தில் ஈரப் பாறைகளைப் பற்றி ஏறவேண்டும். ‘ஹாலெட்’ முடியை நாடுவோர், மரம் ஒன்றும் இல்லாத வெட்டவெளியில் கடுங்காற்றை எதிர்த்து நடக்கவேண்டும். எனினும், யாவற்றினும் கடுமையானது லாங்ஸ் கொடுமுடியே. அதன் உயரம் 14,259 அடி. அப்பூங்காவில் 14,000 அடியைக் கடந்த முடி அஃது ஒன்றே.

1820ஆம் ஆண்டில் சமவெளியிலிருந்து இம்மலையைக் கண்ட ஸ்டீபன் லாங் என்னும் படைத்தலைவரின் பெயரே இதற்கு வழங்குகிறது. அவர் இதன்மேல் ஏறினாரல்லர். அந்நாட்டின் பழங்குடியினராகிய அராபகோ மக்கள், இதனையும் இதன் அருகில் நிற்கும் மீக்கர் முடியையும் சேர்த்து ‘இரு வழிகாட்டிகள்’ என்று அழைத்தனர். தொலைவிலிருந்தே திசை காட்டி நிற்கும் மலைகளுக்கு அப்பெயரே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. 1868ஆம் ஆண்டில் ஜான் வெஸ்லி பவல் என்பவரும் அவருடைய தோழர்களும் இதன் உச்சியை அடைந்தனர். ஏட்டில் பதிவு பெற்ற முதல் ஏற்றம் அதுவே. உள்நாட்டுப் போரில் வலக் கையை இழந்தவர் பவல் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி இதன்மேல் ஏறினார். வழிகாட்டி தம்மைப் பல இடங்களில் இழுத்தே கொண்டு சென்றார் என்பதை அவர் தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். வீரப் புகழுக்காக எழுதுவோரிடம் காண்பதற்கரிய நேர்மை இது.

இம்மலையில் ஏற விரும்புவோர் அதிகாலை மூன்று மணிக்கோ, அதற்கும் முன்னரோ புறப்படுகின்றனர். நள்ளிரவு கடந்தவுடன் உறக்கத்தை விட்டெழுந்து, நெற்றியில் கட்டிய மின்விளக்கின் ஒளியில் காட்டு வழியே நடப்பது எதற்காக? விடை வானத்தில் உள்ளது. கோடைக்காலத்தில் அங்கே காலைப்பொழுது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கதிரவன் எழுந்து மலைச்சரிவுகளைச் சூடாக்க, அவற்றை ஒட்டிய காற்று வெப்பமடைந்து மேலே எழுகிறது. உயரத்தில் அது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி திரண்டு முகிலாகிறது. பத்து மணி அளவில் பஞ்சுப்பொதி போல் தோன்றும் வெண்முகில், நண்பகலுக்குப் பின் கருத்து ஓங்கி, இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் பொழியும் புயலாக மாறுதல் உண்டு. சூலை, ஆகஸ்டு மாதங்களில் இது அடிக்கடி நிகழும். மரங்களற்ற பாறை முகட்டில் நிற்பவனே அப்பொழுது சுற்றுப்புறத்தில் உயர்ந்த பொருள் ஆகிறான். அவனுக்கு ஒதுங்க இடமில்லை. தலைமயிர் சிலிர்த்து நிற்றலும், பாறைகள் வண்டு போல் ரீங்கரித்தலும் மின்னல் அணித்தே உள்ளது என்பதற்கு அறிகுறிகள். அவற்றைக் கண்ட பின் இறங்கத் தொடங்குதல் மிகவும் காலந்தாழ்ந்த செயலாகும். ஆகவேதான், நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுக என்று அப்பூங்காவினர் அறிவுறுத்துகின்றனர்.

போகவும் வரவும் ஏறத்தாழ பதினைந்து மைல் நடை. ஏறவேண்டிய உயரம் ஐயாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. நல்ல உடலுறுதி வாய்ந்தவர்க்கும் பத்து முதல் பதினைந்து மணி நேரம் வேண்டும். வழி தொடங்கும் இடமே கடல் மட்டத்திற்கு 9,400 அடி மேலே உள்ளது. முதலில் ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. 11,000 அடியை நெருங்கும்போது மரங்கள் குறுகி, காற்றால் வளைந்து, பின்னர் அறவே மறைந்துவிடுகின்றன. அதற்கு மேல், விரல் உயரமே வளரும் செடிகள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். அவற்றை மிதித்தால் மீண்டும் தழைப்பதற்குப் பல்லாண்டுகள் ஆகும். ஆதலின் பாதையை விட்டு விலகாமல் நடக்கவேண்டும். இங்கேதான் பொழுது புலரும். மார்மட் என்னும் கொழுத்த விலங்குகள் பாறை மேல் ஏறி வெயில் காயும். வழிநடப்போர் கீழே வைத்த பையைக் கடித்துக் கிழித்து உணவைக் கவர்வதில் அவை கைதேர்ந்தவை.

12,700 அடி உயரத்தில் பாதை முடிந்து, உருண்டு கிடக்கும் பெரும்பாறைகளின் பரப்புத் தொடங்குகிறது. ஒவ்வொரு பாறையாகத் தாவியும் தவழ்ந்தும் அதனைக் கடந்தால், மலைமுகட்டில் ஒரு பெரிய திறப்பைக் காணலாம். அதன் வடிவு நோக்கி அதனைச் ‘சாவித்துளை’ என்று அழைக்கின்றனர். புறப்பட்ட இடத்திலிருந்து ஆறு மைலுக்கு மேல் நடந்தாயிற்று. உச்சிக்கு எஞ்சியிருப்பது ஒன்றேகால் மைல் அளவே. ஆயினும், மலையின் உண்மையான கடுமை இங்கேதான் தொடங்குகிறது. திறப்பைக் கடந்து மறுபுறம் சென்றவுடன் காற்று முகத்தில் அறையும். காலடியில் மலை செங்குத்தாக இறங்கும். இனி நடைபாதை என்பது இல்லை. பாறைகளில் வண்ணத்தால் தீட்டிய வட்டக் குறிகளே வழி காட்டும். முதலில் குறுகிய பாறைப் படிகள். பின்னர்த் தளர்ந்த கற்கள் நிறைந்த நீண்ட பள்ளம். அதன்பின் ஒருபுறம் சுவரும் மறுபுறம் பாதாளமுமாகிய ஒடுங்கிய வழி. இறுதியில் கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய வழுவழுப்பான பாறைச் சரிவு. மேலேறுபவர் உதைத்துவிடும் சிறு கல்லும் கீழே வருபவருக்கு எமனாகலாம். இம்மலையில் இதுவரை அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர்.

ஆகவே, முடிவு செய்யவேண்டிய இடம் சாவித்துளையே. ஒருவர் காலை பத்து மணிக்கு அங்கு வந்து சேர்கிறார் என்று கொள்வோம். உச்சியை அடைய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகலாம். அப்பொழுது மணி பன்னிரண்டு. மீண்டும் சாவித்துளைக்கு இறங்கி வருவதற்குள் இரண்டு மணி ஆகிவிடும். முகில் திரளும் அந்நேரமெல்லாம் அவர் வெறும் பாறையில் தொங்கிக்கொண்டிருப்பார். கணக்கு எளிதுதான். ஆனால், ஏழு மணி நேரம் நடந்து களைத்தவன், உச்சி இதோ என்று கைக்கெட்டும் தொலைவில் தோன்றும்போது, அக்கணக்கைப் போடுவது எளிதன்று. மேலே செல்லச் செல்லக் காற்றும் அடர்த்தி குறைகிறது. உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. அதனால் கால்கள் மட்டும் தளர்வதில்லை, அறிவும் மந்தமடைகிறது. தாம் தெளிவாகச் சிந்திக்கவில்லை என்பதையே அப்போது பலர் உணர்வதில்லை.

சாவித்துளையின் அருகே தேன்கூடு போன்ற வடிவில் கல்லால் ஆன சிறு புகலிடம் ஒன்றை 1927இல் கட்டினர். அது ஆக்னஸ் வெய்ல் என்னும் பெண்மணியின் நினைவாக எழுந்தது. அவர் 1925ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், வால்டர் கீனர் என்னும் தோழருடன், கடுங்குளிரில் இம்மலையின் கிழக்கு முகத்தின் வழியாக ஏறி வெற்றி கண்டார். குளிர்காலத்தில் அவ்வழியே ஏறியவர் அவர்களுக்கு முன் எவரும் இலர். ஆனால், உச்சியை அடைந்தபோதே அவர் வலிமை முற்றும் செலவாகியிருந்தது. இறங்கும்போது வழுக்கி விழுந்தார். மேலும் நடக்க இயலவில்லை. கீனர் உதவி தேடிச் சென்று மீள்வதற்குள் பனிக்குளிரில் அவர் உயிர் பிரிந்தது. அவரைக் காக்கப் புறப்பட்டவர்களுள் ஒருவரும் புயலில் வழி தவறி மாண்டார். கீனர் கைவிரல்கள், கால்விரல்கள் சிலவற்றை இழந்தார். அக்கல்வீடு குளிர்காற்றைத் தடுக்க உதவியது. மின்னலிலிருந்து காக்கும் வலிமை அதற்கு இருந்ததில்லை.

உச்சியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கூர்மையான முனையை எதிர்பார்த்துச் செல்வோர், பல விளையாட்டுத் திடல்களை அடக்கத்தக்க அகன்ற சமதளத்தைக் கண்டு வியப்பர். கிழக்கே எல்லையற்ற சமவெளியும், மேற்கே அலையலையாக மலைத்தொடர்களும் தோன்றும். உரிய நேரத்தில் வந்தவர்கள் அங்கே அமர்ந்து, சிறிது உணவு உண்டு, நீர் பருகி, கடிகாரத்தைப் பார்த்து எழுவர்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, முகில் கொடுமுடியை மூடுகிறது. உச்சியைக் கண்டு திரும்பியவர்களும், சாவித்துளையிலேயே திரும்பியவர்களும் அப்பொழுது காட்டுப் பகுதியில் ஒரே பாதையில் இறங்கிக்கொண்டிருப்பர். மேலே இடி முழங்கும். மரங்களின் ஊடே மழைத்துளிகள் விழத் தொடங்கும். பையிலிருந்து மழைச்சட்டையை எடுத்து அணிந்துகொண்டு அவர்கள் தொடர்ந்து நடப்பர். வண்டி நிற்கும் இடம் இன்னும் தொலைவில் இருக்கும்.