உப்பு வெளியில் உயிர்கள்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம்மவர் பழமொழி. உப்பு மிகுந்த நிலத்தையும் நாம் குப்பையிலேதான் தள்ளிவிடுகின்றோம். களர் என்றும் உவர் என்றும் பாழ் என்றும் பெயர் சூட்டி, எதற்கும் உதவாதது என ஒதுக்கிவிடுகின்றோம். இத்தீர்ப்பு நீதியானதுதானா? இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கட்ச் ரண் என்னும் உப்பு வெளியைச் சற்று உற்றுநோக்குவோமாயின், இவ்வினாவுக்கு விடை தானே புலப்படும்.

குஜராத் மாநிலத்தின் வடமேற்கே, பாகிஸ்தான் எல்லையை ஒட்டி, பெரிய ரண் பரந்து கிடக்கின்றது. அதன் தென்கிழக்கே சின்ன ரண் அமைந்துள்ளது. இவை முற்காலத்தில் அரபிக் கடலின் ஆழமற்ற கிளைகளாய் இருந்தவை. ஆறுகள் கொணர்ந்த வண்டல் சிறிது சிறிதாகப் படிந்தமையாலும், நிலம் உயர்ந்தமையாலும், கடல் பின்வாங்கி, சேறும் உப்பும் கலந்த சமவெளி எஞ்சியது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேடு பள்ளம் காண்பதரிது.

இவ்வெளிக்கு ஆண்டில் இரு முகங்கள் உண்டு. நாம் சோளகம் என்றழைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் கடல்நீர் உள்ளே தள்ளப்படுகின்றது. அதே காலத்தில் மழைநீரும் ஆற்றுநீரும் வந்து சேருகின்றன. சின்ன ரண் முழுவதும் ஆழங்குறைந்த ஏரியாகிவிடுகின்றது. மழை ஓய்ந்ததும் நீர் வற்றி, வெடித்த சேற்றின்மீது உப்பு வெண்படலமாய்ப் படிகின்றது. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசையும் எட்டும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே வாழ்வதற்கு வழி கண்ட உயிர்களே இங்கு நிலைத்துள்ளன.

முதலில் செடிகளை நோக்குவோம். வேர் உறிஞ்ச வேண்டிய நீரை உவர்மண் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. சாதாரணப் பயிரை இம்மண்ணில் நட்டால், நீர் நடுவே நின்றும் தாகத்தால் வாடிவிடும். உமரிச் செடியோ உப்புக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை; உப்பைத் தன் இலைகளின் உயிரணுக்களுக்குள்ளே தனி அறைகளில் சேமித்து வைக்கின்றது. செடியின் உட்புறம் மண்ணைவிட உவர்ப்பாகிவிடுவதால், நீர் மண்ணிலிருந்து வேருக்குள் புகுகின்றது. அதன் இலைகள் சதைப்பற்றுடன் தடித்திருப்பதற்குக் காரணம் இதுவே.

வெள்ளத்தால் மூடப்படாத திட்டுகள் ரண் நடுவே ஆங்காங்கே உள்ளன. அவற்றை அப்பகுதி மக்கள் 'பேட்' என்பர். அத்திட்டுகளிலே புல் முளைக்கின்றது. சுற்றிலும் நீர் சூழ்ந்த காலத்தில் விலங்குகளுக்கு அவையே புகலிடம்.

அவ்விலங்குகளுள் தலைமையானது இந்தியக் காட்டுக் கழுதை. வண்ணானின் பொதி சுமக்கும் கழுதையை மனத்திற்கொண்டு இதனை எண்ணிவிடலாகாது. மணல் நிற மேனியும், முதுகிலே கரும்பழுப்புக் கோடும் உடைய இவ்விலங்கு, மணிக்கு 60 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓட வல்லது. ஒருகாலத்தில் மேற்கிந்தியாவின் வறண்ட சமவெளிகளிலும் இன்றைய பாகிஸ்தானிலும் உலாவிய இவ்வினம், பின்னர் சின்ன ரண் பகுதியில் மட்டுமே எஞ்சியது. கொள்ளைநோய்களாலும் இடர்ப்பட்டு, 1969ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 362 ஆகக் குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றர் பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. காவல் பலன் தந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவற்றின் தொகை 7,672.

ரண் வெள்ளம் வேறு உயிர்களுக்கும் தொட்டிலாகின்றது. கட்ச் வளைகுடாவிலிருந்து நீரோடு வந்து சேரும் இறாற் குஞ்சுகள் இங்கே உண்டு வளர்ந்து மீனவர் வலைக்கு வருகின்றன. நீர் வற்றியபின், அதே நிலத்தில் அகரியா எனப்படும் உப்புத் தொழிலாளர் கிணறு தோண்டி உவர்நீர் இறைத்து உப்பு விளைவிக்கின்றனர். பெரிய ரணில் பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூடு கட்டுகின்றன. கூட்டுக்கு ஒரு முட்டையே இடுகின்றன. பறவையியல் அறிஞர் சலீம் அலி 1945இல் அங்கு சென்று, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பூநாரைகள் கூடியிருந்தன என மதிப்பிட்டார். மழை பொய்த்த ஆண்டுகளிலோ அப்பறவை நகரம் எழுவதில்லை.

இத்தகைய நிலத்துக்கு நேர்ந்துள்ள இடர் யாது? அது பசுமை வடிவில் வந்தது என்பதே வியப்பு. உப்பு வெளி மேலும் பரவாமல் தடுக்கவும், விறகு கிடைக்கவும், அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேல் இருபதாம் நூற்றாண்டில் கட்ச் பகுதியில் பெருமளவில் நடப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயின் அம்மரம் கட்டுக்கடங்காமற் பரவிப் புல்வெளிகளை விழுங்கிற்று. குஜராத்தி மக்கள் அதனைப் 'பைத்தியக் கருவேல்' என்றே அழைக்கின்றனர். காட்டுக் கழுதை அதன் இனிய நெற்றுகளை விரும்பி உண்கின்றது. செரியாத விதைகள் சாணத்தோடு வெளியேறித் திட்டுகளில் முளைக்கின்றன. தன் மேய்ச்சல் நிலத்தை மூடும் மரத்தைத் தானே விதைத்துச் செல்கின்றது அப்பேதை விலங்கு.

நேயர்களே, இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. நம் நாட்டிலும் அம்பாந்தோட்டைப் பகுதியில் இதே மரம் நடப்பட்டது. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட புந்தலவில் அது பரவி, நாட்டுச் செடிகளை நெருக்கியது. அதனை அகற்றப் பெருமுயற்சி செய்ய வேண்டியதாயிற்று. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் நாம் கண்டு மகிழும் பூநாரைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. அவ்வினம் குஞ்சு பொரித்துப் பெருகுவது ரண் போன்ற உப்பு வெளிகளிலேதான்.

வெறுமையாய்த் தோன்றும் நிலத்தைக் கண்டவுடன் அங்கே எதையேனும் நட்டுவிட வேண்டும் என்று நம் கை பரபரக்கின்றது. நடுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே வாழ்வது யாது, அது எப்பருவத்தில் வருகின்றது, எதை உண்கின்றது என்று ஓராண்டு முழுவதும் பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும். கோடையில் மட்டும் ரண் வெளியைக் கண்டவன் அதனைப் பாழ் என்பான். மாரியிலும் கண்டவன் அவ்வாறு சொல்லான்.